மரபணு ஆலோசனை அறைக்குச் சில படங்கள்

ஜூலை 4, புதுச்சேரி

மரபணு ஆலோசனைக்கு வரும் குடும்பங்களுக்குக் காட்டக் கணினி வரைகலைப் படங்கள் செய்து தரும் பணியை ஏற்றிருப்பதால், இன்று ஒரு குடும்பத்தாரின் இசைவுடன் ஆலோசனை அறையின் ஓரமாக அமர்ந்திருந்தேன். பாகூர்ப் பக்கத்து இளம் தம்பதியர். அத்தை மகனும் மாமன் மகளும். இருவருமே பீட்டா தலசீமியா என்னும் பரம்பரை இரத்தசோகை நோயைச் சுமப்பவர்கள் என்று இரத்தப் பரிசோதனை காட்டியிருந்தது. சுமப்பவரிடம் அம்மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்று மட்டுமே பழுது; இரண்டும் பழுதானால்தான் நோய். பையனின் தாய் கேட்டார்: "பங்காளி வீட்டுலயா பொண்ணு எடுத்தோம், டாக்டரம்மா? எங்கண்ணன் மகதானே, முறைதானே?"

ஆலோசனையின் முழுச் சிக்கலும் இக்கேள்வியில் இருக்கிறது. நம் உறவுமுறை தந்தைவழியை வைத்தே இரத்தத்தைக் கணக்கிடுகிறது. சித்தப்பா மகன் பங்காளி, அத்தை மகன் மாப்பிள்ளை முறை. மரபணுக்களோ இவ்வேறுபாட்டை அறியா. சித்தப்பா பிள்ளையானாலும் அத்தை பிள்ளையானாலும் சராசரியாக எட்டில் ஒரு பங்கு மரபணுக்கள் பொது. தாய்மாமனுக்கும் அக்காள் மகளுக்கும் நான்கில் ஒரு பங்கு.

ஜூலை 6

அந்தத் தாய்க்கு மறுமொழியாகவே முதல் படத்தை வரைந்தேன். இந்நோயில் பழுதாகும் பீட்டா குளோபின் மரபணு, மரபணுக்களைத் தாங்கும் இழைகளான குரோமோசோம்களில் 11ஆவதில் உள்ளது. தாத்தா, பாட்டி இருவரிடமும் சேர்த்து அதன் பிரதிகள் நான்கு. அவற்றுக்கு நான்கு நிறங்கள் கொடுத்தேன். பழுதுள்ள ஒரு நிறம் மகள் வழியாகப் பேரனுக்கும், மகன் வழியாகப் பேத்திக்கும் இறங்கி, மணமான பின் இருவரிடமும் எதிரெதிரே வந்து நிற்பதை முப்பரிமாண அசைபடம் காட்டுகிறது. குரோமோசோம் துண்டுகள் தலைமுறைதோறும் இடம் மாறுமாதலால் முழுக் குரோமோசோமையும் ஒரே நிறத்தில் காட்டுவது பொய்யாகிவிடும். ஆகவே அம்மரபணு இருக்கும் இடத்தை மட்டுமே பெரிதாக்கினேன்.

மரபுவழி வரைபடத்தில் ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், உறவுக்குள் மணமானால் இரட்டைக் கோடு. தாய்மாமனை மணந்த பெண்ணின் குடும்பத்தில் அக்கோடு ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததற்குச் சாய்ந்து இறங்க வேண்டும். தலைமுறைக்கு ஒரு கிடைவரிசை என்று அமைத்த என் வார்ப்புருவை அதற்காகவே மாற்றினேன்.

ஜூலை 9

இருவரும் சுமப்பவர்களானால் ஒவ்வொரு கருவுக்கும் நோய் வரும் வாய்ப்பு 25 விழுக்காடு. "நாலுல ஒண்ணு" என்று சொன்னவுடன், முதல் பிள்ளைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூன்றும் தப்பிவிடும் என்று கேட்பவர் எண்ணிக்கொள்கிறார். எனவே நான்கு வாய்ப்புகளையும் நான்கு கட்டங்களாக வரைந்து, ஒரு பிள்ளை பிறந்ததும் அவை நான்கும் அழிந்து, அடுத்த கருவுக்குப் புதிதாகவே தோன்றுமாறு அமைத்தேன். சொல்லில் நிற்காதது இயக்கத்தில் நின்றது.

ஜூலை 12

படங்களுக்குத் தமிழ் வாசகமும் வேண்டும். புதுச்சேரியில் தமிழ் 1965ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆட்சிமொழி. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் கிறீன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்தார். கலைச்சொற்களுக்கும் நமக்குப் பஞ்சமில்லை. எனினும் மொழித் திட்டமிடுதல் சொற்பட்டியலோடு நின்றுவிடுவதை என்னால் ஏற்க இயலவில்லை. அச்சத்தோடு எதிரே அமர்ந்திருப்பவரிடம் சொல்லிப் பார்த்து, அவர் தம் சொற்களில் திருப்பிச் சொல்லக் கேட்டு, திருத்தி அமைத்த முழு வாக்கியங்களும் அத்திட்டத்தின் விளைபொருளாக வேண்டும்.

அமெரிக்க மரபியலாளர் ஷெல்டன் ரீட் 1947இல் மரபணு ஆலோசனை என்ற பெயரை வழங்கினார். முடிவைக் குடும்பத்திடமே விட வேண்டும் என்பது இத்துறையின் நெறியாக வளர்ந்துள்ளது. நம்மூரில் மருத்துவர் "செய்துகொள்ளுங்கள்" என்றால் அது கட்டளையாகவே விழும். ஆகவே கருவுற்றிருக்கும்போது செய்யும் பரிசோதனை பற்றிய பகுதியில், "செய்துகொள்ளலாம், வேண்டாம் என்றாலும் உங்கள் சிகிச்சையில் குறை வராது" என்று எழுதினேன். மருத்துவர் அம்மாவும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டார்.

ஜூலை 15

புதுச்சேரி ஆட்சிப்பகுதியைச் சேர்ந்த ஏனாமுக்குத் தெலுங்கும் மாகேக்கு மலையாளமும் தேவைப்படும் என்பதால், எழுத்துகளைப் படத்தில் பதிக்காமல் தனி அடுக்காக வைத்திருக்கிறேன். உறவுப் பெயர்களை மட்டும் அந்தந்த ஊர்க்காரர்களைக் கேட்டே நிரப்ப வேண்டும்.