சிரிப்புக்காக நிற்காத கை

அம்மா–மகன் நகைச்சுவைக் காட்சி எடுக்கப் போகிறவர்கள் முதலில் கோவை சரளாவை உட்கார்ந்து பார்க்கணும். ‘காஞ்சனா’ (2011), ‘காஞ்சனா 2’ (2015) இரண்டிலும் அவர் ராகவா லாரன்ஸுக்கு அம்மா. பேய்க்குப் பயந்து ராத்திரி பாத்ரூம் போகவே துணை தேடும் வளர்ந்த மகன். ‘இது காமெடி’ என்று அந்த அம்மா ஓரிடத்திலும் நமக்குக் காட்டிக்கொடுப்பதில்லை. பயமும் நிஜம், மகன்மேல் வரும் எரிச்சலும் நிஜம். அவர் நடிப்பில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

கோபிசெட்டிபாளையம், பொள்ளாச்சிப் பக்கம் வீடு பிடித்து எடுக்கும் சின்னப் படங்களில் பெரும்பாலும் இதுதான் தவறுகிறது. வசனம் சொன்னதும் அம்மா கையைக் கட்டிக்கொண்டு சிரிப்புக்குக் காத்திருப்பார். அதற்கு மருந்து, கைக்கு ஒரு வேலை கொடுப்பது. சந்தகை, அதாவது கொங்குப் பக்கத்து இடியாப்பம், பிழிவதைவிட நல்ல வேலை கிடையாது. அம்மா மாவு போட, மகன் கைப்பிடி சுற்ற, இரண்டு பேரும் ஒரே ஃப்ரேமில் நின்றாக வேண்டும்.

ஆனால் ஏற்பாடு சரியாக இருக்கணும். புழுங்கலரிசியை நாலு மணி நேரம் ஊறவைத்து, கெட்டியாக ஆட்டி, புளிக்க விடாமல் இட்லித் தட்டில் கால் மணி நேரம் வேகவைத்துக்கொள்ளுங்கள். அதைச் சூட்டோடு பிழிய வேண்டும். லைட்டிங் சரிசெய்கிற நேரத்தில் ஆறினால் மாவு இறுகிக் கைப்பிடி நகராது. பிழிகிறவர் மூச்சைப் பிடித்து அழுத்துவார், வசனம் திணறும். அதனால் இரண்டு இட்லிப் பானை மாற்றி மாற்றி அடுப்பில் இருக்கட்டும். ஒரு டேக்குக்கு மூன்று நாலு இட்லி போதும். தட்டில் சந்தகை எவ்வளவு குவிந்திருக்கிறது என்று ஒவ்வொரு டேக் முடிந்ததும் போனில் படம் எடுத்துவையுங்கள். இல்லாவிட்டால் எடிட்டிங்கில் குவியல் ஏறும், இறங்கும்.

சத்தமும் ஒரு தலைவலி. சந்தகை பிழியும் கருவியின் திருகில் துளி தேங்காய் எண்ணெய் விட்டால் கிறீச்சிடாது. அந்தச் சத்தம் வேண்டுமென்றால் தனியாகப் பதியலாம். கஞ்சி போட்ட புதுச்சேலை உடையில் குத்தும் லேப்பல் மைக்கில் சரசரக்கும், ஒரு தடவை அலசிக் கட்டச் சொல்லணும்.

எடிட்டிங்கில் ஷாட்டை வெட்டும்போது அவசரம் வேண்டாம். அம்மா பேசி முடித்தபின் பத்துப் பன்னிரண்டு ஃப்ரேம், அதாவது ஏறத்தாழ அரை விநாடி, அவர்மேலேயே விட்டு மகனுக்குப் போகலாம். அடுத்த வசனத்தில் கதைக்கு முக்கியமான சேதி எதையும் வைக்காதீர்கள், தியேட்டர் சிரிப்பில் அது காதில் விழாது. உடம்பால் வரும் நகைச்சுவைக்கு இன்னும் அகலமான ஷாட் வேண்டும். பயந்துபோய் மகன் அம்மாமேல் தொற்றும்போது கால் தெரியவில்லையென்றால் சிரிப்பில் பாதி போய்விடும்.

அப்புறம் பேச்சு. ‘சதி லீலாவதி’யில் (1995) சரளா பேசிய கொங்குத் தமிழை இன்றைக்கும் பாடமாகக் கேட்கலாம், எந்த இடத்திலும் வட்டார வழக்கை அழுத்திக் காட்டமாட்டார். நம்ம பக்கத்து அம்மாக்கள், “வாங்க சாமி, ஒரு வாய் சாப்புடுங்க கண்ணு” என்று கொஞ்சிய வாயோடு, “எந்திரிடா!” என்று அதட்டுவார்கள். டப்பிங்கில் இதை இரண்டு துண்டாகப் பதிந்து ஒட்டினால், நடுவில் மூச்சு மாறியது காதுக்கு உடனே தெரிந்துவிடும். எத்தனை முறை தவறினாலும் சரி, கொஞ்சலில் ஆரம்பித்து அதட்டல் வரைக்கும் ஒரே ஓட்டமாகத்தான் எடுக்கணும்.