கவுண்டரில் இருப்பவரை அனுப்புங்கள்

சர்வதேச வர்த்தகத்தை எளிதாக்கும் திட்டங்களுக்கு மானியம் கேட்டு விண்ணப்பம் எழுதுவதும், வந்த பணத்துக்குக் கணக்கு ஒப்படைப்பதும் என் வேலை. அதில் என் மனசுக்கு நெருக்கமானவை, ஒரு பிராந்தியத்தின் சுங்க அலுவலர்கள் இன்னொரு பிராந்தியத்துக்குப் போய், அதே வேலையைப் பார்ப்பவர்களோடு உட்கார்ந்து கற்றுக்கொள்ளும் பயணங்கள்தான்.

தூரத்து நாட்டுக்காரரிடம் கற்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. நிறைய இருக்கிறது. ஐ.நா.வின் வர்த்தக, வளர்ச்சி அமைப்பான அங்க்டாட் உருவாக்கிய அசிகுடா என்ற சுங்க மென்பொருளை உலகில் சுமார் 100 நாடுகளும் பிரதேசங்களும் பயன்படுத்துகின்றன. கண்டம் வேறானாலும் இருவரும் பார்ப்பது ஒரே திரை, படுவது ஒரே பாடு.

உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக எளிமையாக்கல் ஒப்பந்தம் 2017 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன்படி வளரும் நாடுகள் தங்கள் கடமைகளை ஏ, பி, சி என்று பிரித்துக்கொள்ளலாம். அவகாசத்தோடு வெளியுதவியும் தேவைப்படுபவை சி பிரிவு. வேறெங்கும் உதவி கிடைக்காதவர்களுக்கென்று அந்த அமைப்பே ஒரு நிதி வசதி வைத்திருக்கிறது. திட்டம் தயாரிக்க 30,000 டாலர் வரை, செயல்படுத்த 2 லட்சம் டாலர் வரை. கட்டடம் கட்ட இது காணாது; ஆட்களைத் தயார்படுத்தத் தாராளமாகப் போதும்.

சரி, யாரைத் தயார்படுத்துவது? பட்டியல் வரும்போது மேலிருந்து கீழே வரும். இயக்குநர், இணை இயக்குநர், அப்புறம் இடமிருந்தால் மற்றவர்கள். ஒரு பயணத்தில் கவுண்டரில் வேலை பார்க்கும் இளம் அலுவலர் ஒருவரும் வந்திருந்தார். பெரியவர்கள் கொள்கை பற்றிக் கேட்டு முடித்ததும் அவர் மெதுவாக, “சர்வர் படுத்துவிட்டால் என்ன செய்வீர்கள்?” என்றார். எங்களை வரவேற்ற அலுவலர் சிரித்தபடி மேசை இழுப்பறையிலிருந்து தடித்த பதிவேடு ஒன்றை எடுத்து விரித்தார். அச்சிட்ட வரிசை எண்கள். கையால் எழுதி விடுவித்த ஒவ்வொரு சரக்குக்கும் இரண்டு கையெழுத்து. சர்வர் வந்ததும் ஒருவர் கணினியில் ஏற்ற, எழுதியவர் அல்லாத இன்னொருவர் சரிபார்ப்பார். எந்தக் கையேட்டிலும் நான் பார்க்காத ஏற்பாடு அது. சர்வர் படுத்த நாளிலும் லாரிகளை நிற்கவிடாமல் நகர்த்தும் வித்தையை அந்த இளம் அலுவலர் பக்கம் பக்கமாகக் குறித்துக்கொண்டார்.

மேலதிகாரிகள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஜாம்பியாவும் ஜிம்பாப்வேயும் சிருண்டுவில் 2009 டிசம்பரில் திறந்த ஒரே நிறுத்த எல்லைச் சாவடியைப் பாருங்கள். ஜாம்பியாவுக்குள் போகும் லாரிக்கு இரு நாட்டுச் சோதனையும் ஜாம்பியா பக்கத்திலேயே முடியும். எதிர்த்திசையில் போனால் ஜிம்பாப்வே பக்கத்தில். ஒரு நாட்டு அலுவலர் இன்னொரு நாட்டு மண்ணில் அதிகாரம் செலுத்தச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. அது மேலே இருப்பவர்களின் வேலை. ஆனால் அந்தச் சட்டம் ஓடுவது கீழே, பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில்.

அதனால் இப்போதெல்லாம் விண்ணப்பத்தில் மூன்று விஷயங்களை விடாப்பிடியாக எழுதுகிறேன். ஒரே கவுண்டரிலிருந்து இருவர் வர வேண்டும். ஒருவர் இடமாற்றமாகிப் போனாலும் கற்றது அங்கேயே தங்கும். பயணத்துக்கு முன்னும் பின்னும், உலகச் சுங்க அமைப்பு வகுத்த முறைப்படி, சரக்கு வந்து சேர்ந்தது முதல் விடுவிக்கப்படும் வரை ஒவ்வொரு படியிலும் ஆகும் நேரத்தை அளக்க வேண்டும். பதில் பயணத்துக்கும் பணம் ஒதுக்க வேண்டும்: சொல்லிக்கொடுத்தவர் சில மாதம் கழித்து வந்து, கற்றவரின் மேசைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

நிதி தருபவர்கள் முதலில் வெட்டுவது இந்தக் கடைசி வரியைத்தான். ‘ஒரே காரியத்துக்கு ஏன் இரண்டு பயணம்?’ என்பார்கள். ஊருக்குத் திரும்பியபின்தான் சந்தேகமே முளைக்கும் என்று பதில் எழுதுவேன். தொகையைக் குறைத்தே தீர வேண்டுமென்றால் தொடக்க விழாவையும் நிறைவு விழாவையும் எடுத்துவிடுங்கள், பதில் பயணத்தில் கை வைக்காதீர்கள் என்று அதோடு சேர்த்தே கேட்கிறேன்.