ஏழு கன்னி மலையில் மோதிய விமானம்

இலங்கை மலையகத்து நோர்ட்டன் பிரிட்ஜிலிருந்து பிள்ளைகளுக்கு ஏழு கன்னி மலையைக் காட்டும்போது இதையும் சொல்லுங்கள். 1974 டிசம்பர் 4 இரவு, இந்தோனேசிய ஹஜ் யாத்திரிகர்களுடன் கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்க வந்த டிசி-8 விமானம் அங்கேதான் மோதியது. 191 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. ஓடுபாதை கிட்ட வந்துவிட்டதென்று நினைத்து விமானிகள் தாழ இறக்கிவிட்டார்கள். உண்மையில் அது இன்னும் எழுபது கிலோமீற்றருக்கு அப்பால் இருந்தது. பாவம், எத்தனை குடும்பங்கள்!

இப்போது மலை நெருங்கினால் ‘புல் அப்’ (மேலே ஏற்று) என்று கத்தும் கருவி விமானி அறையில் உண்டு. ஆனால் பட்டத்தையும் பறவையையும் அது காட்டாது. கட்டுநாயக்கவுக்கு அருகே நீர்கொழும்புப் பக்கம் வேலைக்குப் போயிருக்கும் தம்பிமாரே, விமானம் இறங்கும் பாதையில் பட்டம் விடாதீர்கள். இறைச்சிக் கழிவையும் வெளியில் கொட்டாதீர்கள், பருந்தும் காகமும் கூடிவிடும். தாழ வரும் விமானத்துக்கு ஒதுங்க நேரமே இருக்காது.