பாலோ, தயிரோ

நம்ம கல்கத்தா ஸ்கூல் மலர் கமிட்டியிலேர்ந்து போன் பண்ணி "ஸ்கூல் ஞாபகம் ஏதாவது ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க"ன்னு கேட்டாங்க. நான் என்னத்த எழுதறது, மார்க்கும் பெருசா வாங்கினது இல்ல, ஸ்போர்ட்ஸ் டே அன்னைக்கு லீவு போடற ஜாதி, மேடை ஏறினது மொத்தமா ஒரே ஒரு தடவ, அதுவும் தயிர் விக்க. சரி அதையே எழுதறேன்னு உக்காந்தா எங்கெங்கயோ போகுது, போகட்டும்.

1975, நான் ஏழாங் கிளாஸ். நம்ம ஸ்கூல்ல படிச்சவங்களுக்கு லேக் மார்க்கெட்ட பத்தி சொல்ல வேண்டாம், ஆனா இந்த மலர நம்ம பிள்ளைங்களும் படிக்கிறதா கேள்வி, அதுக்காக சொல்றேன். கல்கத்தா தெக்கால ராஷ்பிகாரி அவென்யூ பக்கம் கருவேப்பிலை, வாழை இலை, முருங்கக்காய் எல்லாம் கெடைக்கும், கோமளவிலாஸ்ல காப்பி கெடைக்கும், அப்பாக்கள் பாதிப்பேர் டல்ஹவுசியில ஸ்டெனோ இல்ல அக்கவுண்ட்ஸ், சாயங்காலம் டிராம்ல தொங்கிக்கிட்டு வீடு வந்து சேருவாங்க. பெங்காலி நமக்கு எல்லாம் வரும், மீன்காரன்கிட்ட பேச அவசியமில்லைன்னாலும் ரிக்‌ஷாக்காரன்கிட்டயும் கண்டக்டர்கிட்டயும் பேசற அளவுக்கு வரும். ஆனா அவங்க பாட்டு, அவங்க கவிதை, அவங்க நாடகம்னா அது "அவாளோட ஃபங்ஷன்". ஜன்னல்லேர்ந்து பாத்துட்டு கதவ சாத்திக்கறது.

அந்த வருஷம் ஆப்ரித்தி சொல்லிக்குடுக்க ஒரு திதிமோனி (பெங்காலில டீச்சரம்மா) வந்தாங்க, வாரத்துல ரெண்டு நாள். ஆப்ரித்தின்னா கவிதைய மனப்பாடமா மேடையில சொல்றது. நம்ம ஊர்ல கவியரங்கம்னா கவிஞரே எழுந்து தன் கவிதைய வாசிப்பார், பெங்கால்ல அப்படி இல்ல, அடுத்தவங்க எழுதின கவிதைய சொல்றதுக்குன்னே கலைஞர்கள் உண்டு, பாட்டுக்கு பாடகர் மாதிரி. டிக்கெட் போட்டு ஹால் நெறையும், கிராமபோன் ரெக்கார்டு விக்கும். நம்பறதுக்கு எனக்கே கொஞ்ச நாள் ஆச்சு.

திதிமோனி முதல் நாள் எல்லாரையும் ஒரு வார்த்தை சொல்லச் சொன்னாங்க. 'நல்ல'ங்கிறதுக்கு பெங்காலில பாலோ. நான் சொன்னேன், கிளாஸே சொல்லிச்சு. அவங்க கண்ண மூடிக்கிட்டாங்க. "நீங்க எல்லாரும் பால்காரங்களா?"ன்னு கேட்டாங்க, லேக் மார்க்கெட்ல குடியிருந்து அந்த அளவு தமிழ் கத்து வெச்சிருந்தாங்க. பிரச்சினை என்னன்னா தமிழ்ல ஒரே ஒரு ப. அவங்களுக்கு நாலு, ப, ப, ப, ப (எழுதிக் காட்டவும் வழியில்ல பாருங்க). பாலோல வர்றது நாலாவது ப, அடி வயித்துலேர்ந்து காத்தோட வரணும். திதிமோனி பையிலேர்ந்து ஒரு டிராம் டிக்கெட்ட எடுத்தாங்க, மெல்லிசு காகிதம், வாய்க்கு முன்னாடி ஒரு விரக்கடை தள்ளிப் புடிச்சுக்கிட்டு சொன்னாங்க. மூணாவது ப-வுக்கு டிக்கெட் ஆடல, நாலாவதுக்கு ஆடிச்சு. "டிக்கெட் ஆடற வரைக்கும் கவிதை கெடையாது" அப்படின்னுட்டாங்க. மூணு வாரம் நாங்க டிராம் டிக்கெட்ட ஊதிக்கிட்டு இருந்தோம், அப்பா சட்டைப் பையிலேர்ந்து எடுத்து எடுத்து எங்க வீட்ல ஒரு கட்டே சேந்துருச்சு.

அப்புறம் சந்தம். அக்ஷர விருத்தம், மாத்திரா விருத்தம், ஸ்வர விருத்தம்னு மூணு வகை, அவங்க டெஸ்க்க தட்டி தட்டி காட்டுவாங்க. தமிழ் சார்கிட்ட தேமா புளிமா படிச்சப்ப தூங்கின நாங்க இங்க ஒக்காந்து ஒழுங்கா தட்டினோம், அதுக்கு இப்ப அந்த சார்கிட்ட மன்னிப்பு கேட்டுக்கறேன். எங்க மூச்சு விடணும், எங்க விடக்கூடாது, கமாவுல நிக்கணுமா அர்த்தத்துல நிக்கணுமா, இதெல்லாம் ஒரு வரிக்கு ஒரு மணி நேரம். நடிக்கக்கூடாது, பாடவும் கூடாது, ரெண்டுக்கும் நடுவுல ஒரு ஒத்தையடிப் பாதை இருக்கு அதுல போகணும்பாங்க.

ரொபீந்திர ஜெயந்திக்கு, அதாவது தாகூர் பிறந்த நாளுக்கு, டாக்கோர் போடறதா முடிவாச்சு, அஞ்சலகம்னு தமிழ்ல சொல்லலாம், தாகூர் 1911-ல எழுதின நாடகம். அமல்னு ஒரு சின்னப் பையன், உடம்பு சரியில்ல, வைத்தியர் வெளிய விடக்கூடாதுன்னுட்டார், ஜன்னல்ல உக்காந்து தெருவுல போறவங்கள எல்லாம் கூப்பிட்டு பேசுவான். முதல்ல வந்து மாட்டறவன் தயிர்க்காரன், தொய்வாலா. பையன் அவன்கிட்ட தயிர் கேக்கல, தயிர் விக்கிற அந்த கூவல எனக்கு கத்துக்குடுங்கறான். கடைசில தயிர்க்காரன் ஒரு கலயம் தயிர சும்மா குடுத்துட்டு, தயிர் விக்கறதுல இவ்ளோ சந்தோஷம் இருக்குன்னு உங்கிட்டதான் கத்துக்கிட்டேன்னு சொல்லிட்டுப் போவான். சின்ன ரோல்தான். எனக்கு ஏன் குடுத்தாங்கன்னா அன்னைக்கு என் டிபன் பாக்ஸ் ஒழுகி பை முழுக்க தயிர் சாதம், நோட்டுப் புக்கெல்லாம் வாடை, திதிமோனி மூக்க உறிஞ்சிட்டு "தொய்வாலா வந்தாச்சு"ன்னாங்க. ஆனா விதியப் பாருங்க, தொய்வாலாவோட கூவலே "தொய், தொய், பாலோ தொய்"தான். மறுபடி அதே ப.

அமலா நடிச்சவ என் பெஞ்ச், பாலக்காட்டுப் பொண்ணு, இப்ப மெல்போர்ன்ல இருக்கா. தொய்வாலாவுக்கு தோள்ல போட ஒரு மூங்கில், ரெண்டு பக்கமும் கலயம் தொங்கணும். அப்பா மூங்கில வாங்கிட்டு வந்து கயிறு கட்டிக் குடுத்தார், மாடிப்படியில நான் போட்டுப் பாத்துக்கிட்டு இருந்தப்ப எதிர் வீட்டு மாமி "யாருக்கு காவடி வேண்டுதல்?"னு கேட்டாங்க.

ரிஹர்சல் நாலு மணிக்கு மேல, ஜால்முடி (காரப்பொரி) வாங்கி சாப்பிட்டுக்கிட்டு. அப்பதான் தெரிஞ்சுது திதிமோனி ஒரு நாடகக் குழுவுல இருக்காங்கன்னு. ஆறு மணி ஆனா பைய எடுத்துக்கிட்டு பஸ்ஸுக்கு ஓடுவாங்க, அங்க அவங்க ரிஹர்சல். பெரிய ரோல் எல்லாம் இல்ல, கூட்டத்துல ஒருத்தி, இல்லன்னா உள்ள துணி மடிக்கிறது. சம்பளம்? ஒண்ணும் கெடையாது. குரூப் தியேட்டர்னா அப்படித்தான், பகல்ல பேங்க், எல்ஐசி, ஸ்கூல், சாயங்காலம் நாடகம். இவங்கள எல்லாம் நான் வேற உலகத்து மனுஷங்கன்னு நெனச்சிருந்தேன், ஆனா எங்கப்பா தொங்கிட்டு வர்ற அதே டிராம்ல தொங்கிட்டு வர்றவங்க. தேபப்ரதா பிஸ்வாஸ், ஜார்ஜ்தான்னு ஊரே கொண்டாடின ரொபீந்திர ஷொங்கீத் (தாகூர் பாட்டு) பாடகர், அவரே இன்ஷூரன்ஸ் கம்பெனி உத்தியோகஸ்தர்தான், எல்ஐசியில வேலை பாத்து ரிட்டயர் ஆனவர், குடியிருந்தது நம்ம ராஷ்பிகாரி அவென்யூவுல. 1911-ல ராஜா அஞ்சாம் ஜார்ஜ் டெல்லி தர்பாருக்கு வந்த வருஷம் பொறந்ததால அந்தப் பேரு. ஆஸ்துமா வேற. அவர் பாடற விதமும் வாத்தியம் சேக்கறதும் சரியில்லன்னு தாகூர் பாட்டு ரெக்கார்டுக்கு ஒப்புதல் குடுக்கற விஸ்வபாரதி மியூசிக் போர்டு அப்ப ஆட்சேபம் பண்ணவும் ரெக்கார்டு குடுக்கறதையே நிறுத்திட்டார். என்னைக் கேட்டா நஷ்டம் போர்டுக்கு இல்ல, நமக்குத்தான். அந்தக் குரல் ஜன்னல் வழியா வந்தா எங்கம்மா குக்கர் விசில எண்றத மறந்துடுவாங்க.

அம்மா கர்நாடக சங்கீதம் கத்துக்கிட்டவங்க, பெங்காலிப் பாட்ட கொஞ்சம் எளக்காரமா பேசுவாங்க, "கமகமே இல்லையேடி"ன்னு. ஒரு நாள் ஸ்கூல்ல சீனியர் அக்கா ஒருத்தங்க 'பாஜே கொருணோ ஷுரே' பாடினாங்க, அம்மா நாற்காலி நுனிக்கு வந்துட்டாங்க. "இது நீது சரணமுலே ஆச்சே! சிம்மேந்திர மத்யமம்!" ஆமா, மதராஸ்லேர்ந்து சாந்திநிகேதன் போய் படிச்ச சாவித்ரிங்கிற பொண்ணு பாடினதக் கேட்டு தாகூர் அந்த மெட்டுல எழுதினதுதான். 'மீனாக்ஷி மே முதம்' மெட்டுலயும் ஒரு பாட்டு உண்டு. அதுக்கப்புறம் அம்மா எளக்காரம் பேசறத விட்டுட்டு, "நம்மளோடதுதானே எல்லாம்"னு வேற மாதிரி ஆரம்பிச்சுட்டாங்க, அது இன்னும் மோசம்.

நாடகத்தன்னைக்கு கதைய சொல்றேன். ஹால் நெறஞ்சு அப்பா அம்மாக்கள். நான் காவடியோட விங்க்ல நிக்கிறேன், கால் நடுங்குது, மேடைக்கு காலடி வெக்கிறேன், லோட் ஷெட்டிங். எழுபதுகள் கல்கத்தா, வராம இருந்தாத்தான் ஆச்சரியம். மைக் போச்சு, லைட் போச்சு. டாக்கோர் தெரிஞ்சவங்களுக்கு ஒண்ணு தெரியும், கடைசி காட்சியில ராஜ வைத்தியர் வந்து விளக்க அணைங்க, நட்சத்திர வெளிச்சம் வரட்டும்பார். அந்த நேரத்துக்கு கரெண்ட் போயிருந்தா ஊரே பேசியிருக்கும், ஆனா போனது தயிர்க்காரன் என்ட்ரிக்கு. இருட்டுல அமல் கூப்பிடறா, "தொய்வாலா, ஓ தொய்வாலா". எனக்கு வாய் வரல. பின்னாடியிலேர்ந்து திதிமோனி குரல் "கொலா சாடோ!", தொண்டையத் தொறந்து விடுன்னு. விட்டேன். என்ன ப வந்துதோ தெரியாது, கடைசி வரிசையில எங்க பாட்டி "நம்ம கொழந்தை கத்தறது"ன்னு சொன்னது மட்டும் ஹாலுக்கே கேட்டுச்சு. மீதி நாடகம் பெட்ரோமாக்ஸ்ல நடந்துது.

அந்த ஒரு கத்தலுக்கு அப்புறம் நான் திதிமோனி பின்னாடியே சுத்தினேன். தேசப்ரிய பார்க் பக்கம் ஒரு பாடா ஃபங்ஷன்ல, அதாவது தெரு விழாவுல, காஜி சொப்யசாச்சிய கேட்டது அவங்க கூடத்தான். பெங்காலிக் கவிஞர் நஸ்ருல் எழுதின 'வித்ரோஹி' கவிதைய நஸ்ருல் மகன் சொப்யசாச்சியே சொல்றார். அப்பா 1942-லேர்ந்து பேச்சு போய் குழந்தை மாதிரி இருக்கார், மகன் தொண்டையில அந்தக் கவிதை இடி மாதிரி எறங்குது. நான் டிக்கெட்ட தேடினேன், அவர் வாய் முன்னாடி புடிச்சா கிழிஞ்சே போயிருக்கும். அப்புறம் பார்த்தோ கோஷ், கௌரி கோஷ், ரேடியோ தம்பதி, கர்ணனும் குந்தியும் கங்கைக் கரையில பேசற தாகூர் கவிதைய ரெண்டு பேரும் எதிரெதிரா நின்னு சொல்லுவாங்க. நமக்கு கர்ணன்னா சிவாஜி முகம்தான் வரும், இவங்க சத்தமே போடல, ரெண்டு மைக், ரெண்டு பேர், அவ்ளோதான், அம்மா முந்தானைய வாய்ல வெச்சுக்கிட்டாங்க.

மஹாளயா சொல்லாம விட்டா நம்ம ஆளுங்க சண்டைக்கு வருவாங்க. விடிகாலை நாலு மணிக்கு ரேடியோவுல மகிஷாசுர மர்த்தினி, 1931-லேர்ந்து வர்றது, பீரேந்திர கிருஷ்ண பத்ரா சண்டி ஸ்லோகம் சொல்லுவார், சொல்லச் சொல்ல குரல் ஒடஞ்சு அழுதுடுவார். எங்க பாட்டி குளிச்சிட்டு வந்து ரேடியோ முன்னாடி உக்காந்துடுவாங்க. "எந்த ஊர் சாஸ்திரிகள்?"னு ஒரு வருஷம் கேட்டாங்க, மாடி வீட்டு மாஷிமா "அவர் பிராமணரே இல்ல, காயஸ்தர்"ன்னாங்க. பாட்டி ஒண்ணும் சொல்லல. அடுத்த வருஷம் 1976, அவர எடுத்துட்டு பெங்காலி சினிமா ஹீரோ உத்தம் குமார வெச்சு புதுசா ஒண்ணு போட்டாங்க. ஊரே கொதிச்சுது, உத்தம் குமாரையே வேண்டாம்னு கல்கத்தா சொன்னது அந்த ஒரு தடவதான். எங்க வீட்ல ரேடியோவ அணைச்சது யாருன்னு நெனக்கறீங்க, பாட்டிதான். சஷ்டி அன்னைக்கு பழசையே திரும்பப் போட்டாங்க.

காலேஜ் வந்தப்புறம் தனியாவே அகாடமி ஹாலுக்கு நாடகம் பாக்கப் போவேன். 1983-ல ஷாவ்லி மித்ரா 'நாதவதி அநாதவத்' போட்டாங்க, அஞ்சு நாதன் இருந்தும் அநாதை, திரௌபதி கதை. மேடையில அவங்கதான் எல்லாம், பாடறவங்க பின்னாடி உக்காந்திருப்பாங்க. நம்ம ஹரிகதை மாதிரியேதான், திடீர்னு பீமன், திடீர்னு துச்சாசனன், திடீர்னு நம்மகிட்ட வம்பு பேசற பக்கத்து வீட்டுக்காரி. சபையில திரௌபதி கேக்கற கேள்விய கேட்டுட்டு சும்மா நின்னாங்க, ஹால்ல ஒரு இருமல் இல்ல. திதிமோனி அப்ப சொன்னாங்க, "இவ சின்னப் பொண்ணா இருக்கறப்ப அவ அப்பா ஷொம்பு மித்ராவோட பொஹுரூபி நாடகக் குழுவுல அமலா நடிச்சா. நான் பாத்தேன்"னு. நான் அமலப் பத்திக்கூட கேக்கல, "தொய்வாலா யாரு?"ன்னு கேட்டேன். அவங்களுக்கு ஞாபகம் இல்ல.

87-ல கல்யாணம் ஆகி நியூ ஜெர்சி வந்தாச்சு. திதிமோனிக்கு ரெண்டு லெட்டர் போட்டேன், ஒண்ணுக்கு பதில் வந்தது, அப்புறம் நானே விட்டுட்டேன், என் தப்புதான்.

2022 ஜனவரியில ஷாவ்லி மித்ரா போயிட்டாங்க. தகனம் எல்லாம் முடிஞ்சப்புறம்தான் செய்தியே வெளிய வந்துது, அவங்க அப்பா 1997-ல பண்ணின மாதிரியே, மாலை கூட்டம் எதுவும் வேண்டாம்னு எழுதி வெச்சிருந்தாங்க. மெல்போர்ன்காரி போன் பண்ணினா, எனக்கு ராத்திரி பதினொண்ணு. ஹலோ கூட சொல்லல, "தொய்வாலா, ஓ தொய்வாலா"ன்னா. ரெண்டு பேரும் அந்த சீன கடைசி வரைக்கும் சொன்னோம், நடுவுல அவதான் ரெண்டு இடத்துல மறந்தா, நான் இல்ல. வீட்டுக்காரர் தூக்கத்துல எழுந்து வந்து யாருக்கு என்ன ஆச்சுன்னு கேட்டுட்டுப் போனார். "உனக்கு இன்னும் அந்த ப வரல"ன்னா அவ. டேபிள்ல மளிகைக் கடை ரசீது ஒண்ணு கெடந்துது, மெல்லிசு காகிதம், எடுத்து வாய் முன்னாடி புடிச்சேன். பாலோவுக்கு ஆடிச்சு. தொய்க்கும் ஆடிச்சு, அதுக்கு ஆடக்கூடாது. ஹீட்டர் காத்துன்னு சொல்லிட்டேன்.