டேட்டா சஃபிஷியன்சில ப்ரைமும் ஏபியும் சேர்ந்து வந்தா

டேட்டா சஃபிஷியன்சி கணக்குல ஒரு கேள்வியும் அதுக்கு கீழ ரெண்டு ஸ்டேட்மென்ட்டும் இருக்கும், அத வெச்சு கேள்விக்கு உறுதியா விடை சொல்ல முடியுமான்னு மட்டும் பாக்கணும். நெறைய பேரு கீழ இருக்கற ரெண்டு ஸ்டேட்மென்ட்டையும் உத்து உத்து பாப்பாங்க, மேல இருக்கற கேள்விய மட்டும் ஒரு ஓட்டு ஓட்டிட்டு விட்டுடுவாங்க. ப்ரைம் நம்பர் (பகா எண்) வர்ற கணக்குல இது ரொம்பவே வம்பு, ஏன்னா ப்ரைம்னு சொன்னதே ஒரு மூணாவது ஸ்டேட்மென்ட்தான், அத கணக்குல எடுத்துக்காம விட்டா பதில் மாறிடும்.

இத பாருங்க. மூணு ப்ரைம் நம்பர், ஏறுவரிசைல, ஏபில (அதாவது கூட்டுத்தொடர், ஒவ்வொரு நம்பருக்கும் அடுத்ததுக்கும் ஒரே வித்தியாசம்) இருக்கு. முதல் நம்பர் என்ன? ஸ்டேட்மென்ட் 1: பொது வித்தியாசம் 4. ஸ்டேட்மென்ட் 2: முதல் நம்பர் 5ஐ விட சின்னது.

மொதல்ல ஸ்டேட்மென்ட் 1. 3, 7, 11 ஒடனே கெடைச்சிடும், ஆனா ஒன்னு கெடைச்சா பத்தாதே, வேற எதுவும் வராதுன்னு உறுதியா தெரியணும். 7, 11, 15... 13, 17, 21... 19, 23, 27ன்னு போட்டுப் பாத்துட்டே போவாங்க, எல்லாமே மூணாவது நம்பர்ல புட்டுக்கும், ஆனா எத்தன தடவ புட்டுக்கிட்டாலும் அடுத்தது தேறாதுன்னு யாரு சொன்னா? அதுக்கு பதிலா 3ஆல வகுத்து மீதிய பாருங்க. 4 கூட்டும்போதெல்லாம் மீதி ஒன்னு நகரும், அப்போ மூணு நம்பருக்கும் 0, 1, 2ன்னு மூணு மீதியும் ஏதோ ஒரு வரிசைல வந்தே ஆகணும், அதாவது அதுல ஒன்னு கண்டிப்பா 3ஓட மடங்கு. 3ஓட மடங்காவும் இருக்கணும் ப்ரைமாவும் இருக்கணும்னா அது 3 மட்டும்தான். அது நடுவுலயோ கடைசிலயோ வந்தா முதல் நம்பர் மைனஸ்ல போயிடும், ஸோ முதல் நம்பரே 3. இது மட்டுமே போதும்.

இப்ப 2. 5க்கு கீழ ப்ரைம் ரெண்டு இருக்கு, 2ம் 3ம், ரெண்டு விடை வருது அதனால போதாதுன்னு கை தானா டிக் அடிக்கப் போகும். கொஞ்சம் நில்லுங்க. 2ல ஆரம்பிச்சா மூணாவது நம்பர் 2 ப்ளஸ் வித்தியாசத்தோட ரெண்டு மடங்கு, அது இரட்டைப்படை, 2ஐ விட பெருசு வேற, எப்படி ப்ரைம் ஆகும்? ஸோ 3தான். ரெண்டு ஸ்டேட்மென்ட்டும் தனித்தனியாவே போதும்.

இதே லாஜிக்க இழுத்துட்டு போனா, 3ஐ விட பெரிய மூணு ப்ரைம் ஏபில இருந்தா வித்தியாசம் 6ஓட மடங்காத்தான் இருக்கும். 5, 11, 17, 23, 29 அப்படித்தான் வருது. 7ல ஆரம்பிச்சு முப்பது முப்பதா கூட்டினா 157 வரைக்கும் ஆறுமே ப்ரைம், அடுத்து 187 வந்து (11 பெருக்கல் 17) கெடுத்துடும். எவ்ளோ நீளமா வேணும்னாலும் இப்படி ப்ரைம் ஏபி இருக்குன்னு 2004ல பென் கிரீனும் டெரன்ஸ் டாவும் நிரூபிச்சாங்க, எக்ஸாமுக்கு தேவையில்ல, சும்மா சொன்னேன்.

ஆமா இல்ல கேள்வில இன்னொரு சிக்கல். முழு எண் ஏபில ஏழாவது நம்பர் ப்ரைமா? முதல் நம்பரும் வித்தியாசமும் ஒரே நம்பர், அது 1ஐ விட பெருசுன்னு குடுத்தா, ஏழாவது நம்பர் முதல் நம்பரோட 7 மடங்கு, ப்ரைமே இல்ல. விடை "இல்ல"ன்னு வந்ததால போதாதுன்னு போட்டுடாதீங்க, உறுதியா இல்லன்னு தெரிஞ்சா அதுவும் போதும்தான்.

ப்ரைம் இல்லாத வெறும் ஏபிலயும் இந்த மாதிரி உண்டு. 15 நம்பரோட கூட்டுத்தொகை கேட்டு, எட்டாவது நம்பர் 10ன்னு மட்டும் குடுப்பாங்க. முதல் நம்பரும் தெரியாது வித்தியாசமும் தெரியாது, ஆனா எட்டாவதுதான் நட்டநடு, ஸோ 15 பெருக்கல் 10, 150. ரெண்டு தெரியாததுக்கு ரெண்டு சமன்பாடு வேணும்னு மனப்பாடம் பண்ணவங்க இங்க மாட்டுவாங்க, ஏன்னா கேட்டது அந்த ரெண்டையும் இல்ல, கூட்டுத்தொகைய மட்டும்தான்.