கண்வலி விதையும் எம்.ஃபார்ம் முதல் செமஸ்டரும்

நவம்பர் 5, புதன்

இன்னிக்கு அட்வான்ஸ்டு மெடிசினல் கெமிஸ்ட்ரி கிளாஸ்ல கால்ச்சிசின் வந்துச்சு, செங்காந்தள் விதையில இருந்து எடுக்கற மருந்து. மேடம் ஸ்லைடுல செங்காந்தள் பூவைப் போட்டதும் பாதிப்பேரு ஸ்டேட் ஃபிளவர்னு சொன்னாங்க, எனக்கு அது எங்க காட்டுப் பயிர். மூலனூர், கன்னிவாடி, தாராபுரம் பக்கமெல்லாம் கண்வலிக்கிழங்கு போடறவங்க நிறைய. விதை வித்தா காசு, மருந்து கம்பெனிக்குப் போகும், இவ்வளவுதான் சின்ன வயசுல இருந்து எனக்குத் தெரியும். உள்ள போயி அது என்ன பண்ணுதுன்னு இன்னிக்குத்தான் கேட்டேன்.

செல்லுக்குள்ள டியூபுலின்னு ஒரு புரதம், ஆல்ஃபா ஒண்ணு பீட்டா ஒண்ணு ஜோடி சேந்து அடுக்கடுக்கா போயி மைக்ரோடியூபுல்ங்கற குழாய் ஆகுது, செல் ரெண்டாப் பிரியறதுக்கும் வெள்ளணு நகர்றதுக்கும் இந்தக் குழாய் வேணும். கால்ச்சிசின் அந்த ஆல்ஃபா பீட்டா சேர்ற எடத்துல போயி ஒக்காந்துக்குது, குழாய் வளராது. கௌட்ங்கற மூட்டு நோய்ல, மூட்டுக்குள்ள யூரிக் ஆசிட் கிரிஸ்டலைப் பாத்து நியூட்ரோஃபில்ங்கற வெள்ளணு எல்லாம் கூட்டமா வர்றதுனாலதான் அந்த வீக்கமும் வலியும், அதை நகர விடாம பண்ணுனா வலி எறங்குது. இதே வேலைய குடல் சுவர்ல தினமும் புதுசா பொறக்கற செல்லுகிட்ட பண்ணுச்சுன்னா வாந்தி, பேதி. எலும்பு மஜ்ஜைல பண்ணுனா ரத்த அணு விழுந்துரும். தப்பிச்சவங்களுக்குக் கூட ஒண்ணு ரெண்டு வாரத்துல முடி கொட்டும்.

நான் இவ்வளவு நாளா மருந்துக்கு ஒரு குணம், வெசத்துக்கு வேற ஒரு குணம்னு நெனச்சிட்டிருந்தேன். ரெண்டும் ஒரே வேலைதான், எவ்வளவு போச்சு, எந்த செல்லுக்குப் போச்சு, அதுல தான் எல்லாமே.

நவம்பர் 9, ஞாயிறு

ஊர்ல இருக்கறேன். இப்ப பூ சீசன். வெடியாலயே அம்மாவும் சித்தியும் காட்டுக்குப் போயிட்டாங்க, கூட நானும். இந்தப் பூவுல சூல்தண்டு நேரா நிக்காம ஒரு பக்கமா மடங்கி வெளிய நீட்டிட்டு இருக்கும், மகரந்தம் தானா அதுல விழறது கம்மி, அதனால கையாலயேதான் தொட்டு வெக்கோணும். ஒரு பூவுல இருந்து மகரந்தப் பையப் பிச்சு அடுத்த பூவோட சூல்முடியில தேய்ச்சு விட்டுட்டே வரிசை வரிசையா போறாங்க, வெயில் ஏறறதுக்குள்ள முடிக்கோணும். இது பண்ணாத பூவுல காய் சரியா புடிக்காது. அம்மாவோட வெரல் நுனியெல்லாம் மஞ்சப் பொடி ஒட்டிக் கெடக்கு, அப்படியே முந்தானையில தொடச்சுட்டு டம்ளர்ல டீ ஊத்திக் குடிக்கறாங்க.

நான் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுனேன். விதையில கால்ச்சிசின் கிட்டத்தட்ட ஒரு சதவீதம்னு வெச்சுக்குங்க (காட்டுக்குக் காடு மாறும், கணக்குக்குத்தான்). ஒரு கிலோ விதையில 10 கிராம். கடையில விக்கற மாத்திரை 0.5 மில்லிகிராம். அப்ப ஒரு கிலோவுல இருக்கறது 20,000 மாத்திரைக்கான சரக்கு, ஒரு கிராம் விதையிலயே 20 மாத்திரை அளவு இருக்கு, 7 மில்லிகிராம்லயே செத்தவங்க இருக்காங்கன்னு மருந்து லேபிள்ல எழுதியிருக்கு, இதுக்கு முறிவு மருந்தும் கைவசம் கெடையாது. கெழங்குல இன்னும் ஆபத்து, பாக்க ஏதோ வள்ளிக்கெழங்காட்டம் இருக்கறதுனால தெரியாம வேகவெச்சுத் தின்னு செத்தவங்க கதை இலங்கையில எல்லாம் பதிவாயிருக்கு.

அம்மா கேட்டுட்டே இருந்துட்டு, "அப்ப கையக் கழுவிட்டுத்தான் சோறு திங்கோணும்ங்கற, இதைச் சொல்றதுக்குத்தான் கண்ணு இத்தன கணக்கா?"ன்னாங்க. ஆமாங்கம்மா, அதுக்குத்தான்.

நவம்பர் 18, செவ்வாய்

லேப். எச்.பி.எல்.சி. (கலவையில இருக்கற பொருளைப் பிரிச்சு அளக்கற மெஷின்) முன்னாடி காலைல இருந்து நின்னு கால் வலி. மெஷினுக்குள்ள ஓடற திரவத்தை (மொபைல் ஃபேஸ்) கலக்கி, 0.45 மைக்ரான் ஃபில்டர்ல வடிச்சு, சோனிகேட்டர்ல வெச்சு காத்துக் குமிழி போக்கி, ஸ்கிரீன்ல பேஸ்லைன் கோடு நேரா வர்ற வரைக்கும் காத்திருந்து... இதுக்கே மத்தியானம் ஆயிருச்சு. எங்களுக்குக் குடுத்தது ஸ்டாண்டர்டு கால்ச்சிசின்தான். அலுமினியம் ஃபாயில் சுத்துன பழுப்பு ஃபிளாஸ்க்ல கரைச்சோம். ஃபாயில் எதுக்குன்னா இதுக்கு வெளிச்சம் ஆகாது, வெளிச்சம் பட்டா இதுல இருக்கற ட்ரோபோலோன்ங்கற ஏழு கார்பன் வளையம் சுருங்கி லூமிகால்ச்சிசின்னு வேற ஒரு பொருளா மாறிரும், அது டியூபுலினோட ஒட்டாது. 350 நானோமீட்டர்ல கால்ச்சிசின் நல்லா தெரியும், லூமியா மாறுனா அந்த எடத்துல உறிஞ்சறது கொறைஞ்சு போயிரும்.

சார் வேணும்னே ஒரு பங்கை கண்ணாடிக் குப்பியில ஜன்னலோரம் வெயில்ல வெச்சிருந்தார். ரெண்டையும் ஏத்திப் பாத்தப்ப வெயில்ல வெச்சதுல மெயின் பீக் (கால்ச்சிசினைக் காட்டற கூர்முனை) குட்டையாகி, வேற எடத்துல புதுசா பீக் மொளச்சிருந்துச்சு. அதைப் பாத்ததும் எனக்கு ஒரே யோசனை, எங்க ஊட்டுக் களத்துல விதைய நாள் கணக்கா வெயில்ல தான காயவெக்கறோம்? தோலுக்குள்ள இருக்கறதுக்கு வெளிச்சம் எவ்வளவு போகும்? சார்கிட்ட கேட்டேன். "நல்ல கேள்விம்மா, நீயே பாத்துச் சொல்லு"ன்னார்.

நவம்பர் 19, புதன்

என்.எம்.ஆர். கிளாஸ், காந்தப்புலத்துல வெச்சு மூலக்கூறோட அமைப்பைக் கண்டுபுடிக்கற முறை. கால்ச்சிசின் ஸ்பெக்ட்ரம்ல நாலு மீத்தாக்ஸி தொகுதி கண்டுபுடிச்சோம். மத்ததெல்லாம் இன்னும் மண்டையில ஏறல, சனிக்கெழம ஒக்காரணும்.

நவம்பர் 27, வியாழன்

இன்னிக்கு செமினார், என் தலைப்பு கால்ச்சிசினும் கிளாரித்ரோமைசின்ங்கற ஆன்டிபயாட்டிக்கும். இந்தப் படிப்புல எனக்குப் புடிச்ச பகுதியே இதுதான், மருந்து ஒண்ணு நல்லது, இன்னொண்ணும் நல்லது, ரெண்டும் ஒரே ஆளுக்குள்ள போனா என்ன ஆகும்ங்கறது.

குடல் சுவர்ல பி-கிளைக்கோபுரோட்டீன்னு ஒரு பம்ப் இருக்கு, உள்ள வந்த கால்ச்சிசின்ல ஒரு பங்கைத் திருப்பி வெளிய தள்ளிவிடும். மிச்சத்தை கல்லீரல்ல சிப் 3ஏ4 என்சைம் ஒடைக்கும், கொஞ்சம் கிட்னி வழியாவும் போகும். கிளாரித்ரோமைசின் அந்தப் பம்பையும் அடைக்குது, என்சைமையும் அடைக்குது. அப்ப அதே 0.5 மாத்திரைதான் ஆனா ரத்தத்துல பல மடங்கு ஏறி நிக்கும். ஏற்கனவே கிட்னி கெட்டுப்போன ஆளா இருந்தா இது உசுரையே எடுத்திருக்கு, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. கிட்னியோ கல்லீரலோ பழுதானவங்களுக்கு இந்த மாதிரி ஜோடி கூடவே கூடாதுன்னு வெச்சிருக்கு. அதே குடும்பத்துல அசித்ரோமைசின் இந்த வேலைய அவ்வளவா பண்ணாது.

கேள்வி நேரத்துல ஒருத்தர், இதெல்லாம் டாக்டர் பாத்துக்குவாரு நமக்கெதுக்குன்னார். கௌட்டுக்கு ஒரு டாக்டர், நெஞ்சு சளிக்கு இன்னொரு டாக்டர், ரெண்டு சீட்டும் ஒண்ணா வந்து சேர்ற எடம் மருந்துக்கடைதானுங்க. அங்க நிக்கறது நாம. கௌண்டர்ல நிக்கற ஆளு "வேற என்ன மாத்திரைங்க சாப்படறீங்க?"ன்னு கேக்கறது அந்த ஆளுக்கு எவ்வளவு பெரிய காவல்னு நான் கொஞ்சம் சத்தமாவே சொல்லிட்டேன்.

டிசம்பர் 6, சனி

ஊட்டுக்கு வந்தா அப்பா முதுகு புடிச்சுட்டுப் படுத்திருக்கறார். தலமாட்டுல மாத்திரை அட்டை, திருப்பிப் பாத்தா வலி மருந்து அசிக்ளோஃபெனாக் 100 மில்லிகிராம், தயோகால்ச்சிக்கோசைடு 4 மில்லிகிராம். எனக்கு அப்பறம் பேச்சே வல்ல. கண்வலி விதையில கால்ச்சிசின் கூடவே கால்ச்சிக்கோசைடுன்னு சர்க்கரை ஒட்டுன தம்பி ஒண்ணு இருக்குது, அதுல பத்தாவது கார்பன்ல இருக்கற ஆக்சிஜனுக்குப் பதிலா சல்ஃபரை மாத்துனா தயோகால்ச்சிக்கோசைடு, தசைப்பிடிப்பு மருந்து. போன வாரம்தான் போர்டுல வரைஞ்சு படிச்சோம். ஒரே ஒரு அணு மாறுனதுல, கூட ஒரு சர்க்கரை சேந்ததுல, மருந்து போற எடமே வேறயாகுது.

ஆனா இதையும் வாரக்கணக்குல முழுங்கக் கூடாதுங்க. ஒடம்புக்குள்ள இது ஒடைஞ்சு வர்ற ஒரு பொருள், செல் பிரியறப்ப குரோமோசோம் எண்ணிக்கையக் கெடுக்குதுன்னு பாத்து, 2013ல ஐரோப்பிய மருந்து ஏஜென்சி வாய்வழி மாத்திரைன்னா ஒரு நேரத்துக்கு 8 மில்லிகிராம், ஒரு நாளைக்கு ரெண்டு நேரம், ஏழு நாளுக்கு மேல வேண்டாம், கர்ப்பிணிகளுக்குக் கூடவே கூடாதுன்னு சொல்லியிருக்கு. அப்பா முதுகு வலிக்கறப்பெல்லாம் கடையில இதையே கேட்டு வாங்கறார். எத்தன நாளா போடறீங்கன்னு கேட்டா, "வலி போற வரைக்கும் சாமி"ங்கறார். டாக்டரைப் பாக்காம இனிமே வாங்காதீங்கன்னு அட்டைய நான் எடுத்து வெச்சுட்டேன். கோவிச்சுக்கிட்டார், பரவால்ல.

டிசம்பர் 11, வியாழன்

ஜர்னல் கிளப், ஆய்வுக் கட்டுரை படிச்சுப் பேசற கூட்டம். கால்ச்சிசினோட அதே 0.5 மில்லிகிராமை மாரடைப்பு வந்தவங்களுக்குக் குடுத்துப் பாத்த ஆய்வு, கால்காட், 2019. 4,745 பேரு. திரும்பவும் இதயப் பிரச்சினை வந்தது மருந்துக் குழுவுல 5.5 சதவீதம், டம்மி மாத்திரைக் குழுவுல 7.1. ரத்தக்குழாய் கொழுப்புலயும் வீக்கம்தான் பிரச்சினைங்கறதுனால அங்கயும் வெள்ளணுவ அடக்குனா பலன் இருக்கும்னு யோசனை. 2023ல அமெரிக்கால இதயத்துக்குன்னே அனுமதி குடுத்தாங்க. 2024ல வந்த கிளியர் ஆய்வு இன்னும் பெருசு, அதுல பலன் ஒண்ணும் தெரியல. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் படிக்கறப்ப, ஒரு பேப்பரை மட்டும் கையில வெச்சுட்டு ஊருக்குப் போயி நம்ம விதை ஹார்ட்டுக்கும் மருந்தாம்னு பேசறது எவ்வளவு அவசரம்னு பட்டுச்சு. யாருக்குக் குடுத்தாங்க, எப்ப ஆரம்பிச்சாங்க, எத்தன நாள் பாத்தாங்கன்னு மேடம் ஒவ்வொரு டேபிளா பிரிச்சுக் காட்டுனாங்க.

பொழுதோட சார் கூப்பிட்டு, ப்ராஜெக்ட்டுக்கு விதை காயவெக்கற விஷயத்தையே எடுத்துக்கோன்னார். பொங்கலுக்கப்பறம் காய் ஒடைப்பு ஆரம்பிக்கும். வெயில்ல காஞ்சது, நெழல்ல காஞ்சது, கோணி மூடிக் காஞ்சது மூணையும் தனித்தனியா கட்டி வெக்கச் சொல்லி அப்பாவுக்கு ஃபோன் பண்ணியாச்சு. காய் ஒடைக்க வர்றவங்களுக்குக் கையுறை ஒரு பாக்ஸ் இங்கிருந்தே வாங்கிட்டுப் போகோணும்.