குளியலறைக்குள் நுழையாத வாக்கர்

இடது முழங்கால் மூட்டை மாற்றி ஏழு மாதம் ஆகிறது. பார்க்கிறவர்கள் எல்லாரும் "நடக்க முடிகிறதா?" என்றுதான் கேட்கிறார்கள். நடப்பது நான் பயந்த அளவுக்கு இல்லை. அறுவை நடந்த மறுநாளே வாக்கரைக் கையில் கொடுத்து நாலு அடி வைக்கச் சொல்லிவிட்டார்கள். வலித்தது, ஆனாலும் வைத்தேன். என்னைப் படுத்தி எடுத்தது குளியல்தான். அதைப் பற்றி முன்கூட்டி யாரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியில் இருந்தவரை ஈரத்துணியால் துடைத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்த அன்று மாலை முகம் கழுவலாம் என்று குளியலறை வாசலுக்குப் போனால், வாக்கர் உள்ளே நுழையவில்லை. வாசலைவிட அது இரண்டு விரல் அகலம் கூடுதல். பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தேன். அப்போது நான் நிற்க இடமில்லை. அறுவைக்கு முன்னால் எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, ஈசிஜி என்று உடம்பில் ஓர் இடம் விடாமல் பார்த்தாயிற்று. கதவை ஒரு டேப் வைத்து அளக்க யாருக்கும் தோன்றவில்லை.

என் கணவர்தான் வழி கண்டுபிடித்தார். கதவைத் திறந்து வைத்தாலும் பலகையின் கனம் வாசலில் கொஞ்சம் இடத்தை அடைத்துக்கொண்டுதான் நிற்கிறது. கீலைக் கழற்றிக் கதவையே எடுத்துவிட்டு, ஒரு திரைச்சீலை மாட்டினார். வாக்கர் நிலையில் உரசிக்கொண்டு உள்ளே போனது. உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளக் கூடாது என்று பிசியோ (உடற்பயிற்சி சொல்லித்தரும் பிசியோதெரபிஸ்ட்) சொல்லியிருந்தார். அந்தப் பிரச்சினையும் கதவோடு சேர்ந்து போயிற்று.

எப்போது குளிக்கலாம் என்பது டிரெஸ்ஸிங்கைப் பொறுத்தது. எனக்குப் போட்டிருந்தது தண்ணீர் புகாத வகை. ஐந்தாம் நாள் ஷவரில் குளிக்கலாம் என்றார் டாக்டர். பக்கத்துக் கட்டிலில் இருந்த ஓர் அம்மாவுக்குச் சாதாரணக் கட்டு, அவருக்கு ஸ்டேபிள் (காயத்தை மூடத் தையலுக்குப் பதில் போடும் உலோகப் பின்) எடுக்கும்வரை காலில் தண்ணீரே படக் கூடாது என்றார்கள். அதனால் இன்னொருவர் கணக்கை வைத்துக் குளிக்கப் போகாதீர்கள், உங்கள் டாக்டரையே கேட்டுக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் உறையைச் சுற்றிக்கொண்டு குளிப்பவர்களும் உண்டு. ஒரு நாள் நானும் கூடுதல் பத்திரத்துக்கு அப்படிச் செய்து பார்த்தேன். தொடைப் பக்கத்து விளிம்பு வழியாகத் தண்ணீர் இறங்கி உள்ளேயே தேங்கிக்கொண்டது. அதோடு விட்டுவிட்டேன்.

முதல் குளியலுக்கு வீட்டில் இருந்த சாதாரண பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டோம். அதுதான் நாங்கள் செய்த பெரிய தப்பு. ஈரத் தரையில் நான் உட்காரப் போன நேரம் அது அரைச் சாண் பின்னால் வழுக்கியது. கைக்கு எட்டியது துண்டு மாட்டும் கம்பி, அதைப் பிடித்தேன். ஒரு பக்கத்து ஸ்குரூ சுவரைவிட்டு வெளியே வந்துவிட்டது. நல்லவேளையாகத் திரைக்கு வெளியே நின்றிருந்த மகள் ஓடி வந்து அக்குளில் கைகொடுத்துத் தாங்கிக்கொண்டாள். "அம்மா, இன்றைக்குக் குளிக்க வேண்டாம், வா" என்றாள். விழவில்லை. ஆனால் அன்று முழுக்க நெஞ்சு படபடத்துக்கொண்டே இருந்தது.

மறுநாளே குளியலுக்கென்று செய்த நாற்காலி வந்தது. நாலு காலிலும் அகலமான ரப்பர் புஷ், இரண்டு பக்கமும் கைப்பிடி, பின்னால் சாய்மானம், உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற வசதி. உட்காரும் பலகை நம் முழங்காலைவிடச் சற்று உயரமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எழுந்திருக்கவே முடியாது. சுவரில் துளை போட்டு இரண்டு கைப்பிடிக் கம்பிகளும் பொருத்தினோம். சுவரில் அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் ரப்பர் கைப்பிடிகள் கிடைக்கின்றன, தள்ளாடாமல் நிற்க அதைத் தொட்டுக்கொள்ளலாமே தவிர உடம்புப் பாரத்தைப் போட நான் நம்ப மாட்டேன். துண்டுக் கம்பியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

எங்கள் வீட்டில் அறுவை நடந்த காலுக்குப் புதுக்கால் என்று பெயர். பிசியோ சொல்லிக்கொடுத்த பாடத்தை நான் இப்படித்தான் மனப்பாடம் செய்தேன்: ஏறும்போது பழைய கால், இறங்கும்போது புதுக்கால். குளியலறைத் தரை அரைச் சாண் பள்ளம் என்பதால் முதலில் வாக்கர் இறங்கும், பிறகு புதுக்கால், கடைசியாகப் பழைய கால். அப்படியே பின்பக்கமாக நகர்ந்து, நாற்காலி விளிம்பு காலின் பின்புறத்தில் தட்டுப்பட்டதும் நிற்க வேண்டும். புதுக்காலை முன்னால் நீட்டி, ஒவ்வொரு கையாக நாற்காலியின் கைப்பிடிக்குக் கொண்டுபோய், பிறகு உட்கார வேண்டும். எழும்போதும் நாற்காலியை அழுத்தித்தான் எழ வேண்டும். வாக்கரைப் பிடித்து இழுத்தால் அது நம் மேலேயே சாயும்.

வலி மாத்திரை போட்டு முக்கால் மணி நேரம் கழித்துக் குளிக்கப் போவதை வழக்கமாக்கிக்கொண்டேன். தண்ணீர் வெதுவெதுப்போடு நிற்கட்டும். ஒருநாள் ஆசைப்பட்டுச் சூட்டைக் கூட்டினேன், எழுந்து நின்றதும் கண் இருட்டிக்கொண்டு வந்துவிட்டது. அதற்கப்புறம் உட்கார்ந்தபடியே துவட்டி, உட்கார்ந்தபடியே மேல் உடையைப் போட்டுக்கொண்டுதான் எழுந்தேன்.

சோப்புக் கட்டி ஒரு எதிரி. கை நழுவி ஓடினால் அனிச்சையாக நாம் குனிந்துவிடுகிறோம். அழுத்தினால் வருகிற திரவ சோப்புக்கு மாறியதும் அந்தத் தொல்லை தீர்ந்தது. ஹேண்ட் ஷவர் கட்டாயம் வேண்டும், நம்மைத் தேடி தண்ணீர் வர வேண்டுமே தவிர தண்ணீரைத் தேடி நாம் நகரக் கூடாது. நீளக் கைப்பிடி வைத்த பஞ்சு அடுத்த வாரம்தான் வந்தது. அதுவரை புதுக்காலின் பாதம் என் கண்ணுக்குத் தெரிந்தது, கைக்கு எட்டவில்லை. "நான் தேய்த்துவிடுகிறேன், காலைக் காட்டு" என்று கணவர் உட்கார்ந்தபோது எனக்கு ஒரே கூச்சம். முப்பத்தெட்டு வருஷம் ஒன்றாகக் குடித்தனம் நடத்தியவருக்குப் பாதத்தைக் காட்ட என்ன கூச்சமோ தெரியவில்லை. விரல் இடுக்கெல்லாம் விட்டுத் தேய்த்தார். தேய்த்து முடிந்த பிறகும் காலை உடனே இழுத்துக்கொள்ள மனசு வரவில்லை.

பதினாலாம் நாள் ஸ்டேபிள் எடுத்தார்கள். வெட்டிய இடம் ஜிப் வைத்துத் தைத்தது போல நேராக இருந்தது. அதற்குப் பின் டாக்டர் அனுமதித்த நாளில் முதல்முறையாக மூடாத காலில் தண்ணீர் விட்டேன். உள்பக்கம் வெதுவெதுப்பு தெரிந்தது. தழும்பைத் தாண்டி வெளிப்பக்கம் தண்ணீர் ஓடுவது கண்ணுக்குத் தெரிகிறது, தோலுக்கு ஒன்றுமே தெரியவில்லை. யாரோ ஒருவர் காலைக் கழுவுவது மாதிரி இருந்தது. பயந்துபோய்க் கேட்டேன். தோலுக்கு உணர்ச்சி தரும் சின்ன நரம்புக் கிளை வெட்டும்போது அறுபடுவதால் பெரும்பாலானவர்களுக்கு இப்படி ஒரு மரத்த திட்டு இருக்குமாம். இப்போது எனக்கு அது பாதியாகச் சுருங்கியிருக்கிறது. தழும்பை அழுத்தித் தேய்க்கக் கூடாது, சுத்தமான துண்டால் ஒற்றி எடுத்தால் போதும். காயம் முழுசாக ஆறும்வரை எண்ணெய், பவுடர், கிரீம் எதுவும் வேண்டாம். தொட்டியிலோ நீச்சல் குளத்திலோ காலை ஊறவிடவும் கூடாது. புண்ணில் நீர் கசிந்தாலோ, சிவப்பு பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ, கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும். திடீரென்று மூச்சு வாங்கினால் யோசிக்காமல் அவசர சிகிச்சைக்கே போய்விட வேண்டும்.

மற்ற சாமான்களில், கமோட் மேல் வைக்கிற உயர்த்தும் இருக்கை இல்லாமல் முதல் மாதத்தை ஓட்டியிருக்க முடியாது. கைப்பிடி உள்ளதாகப் பாருங்கள். கீழே விழுந்ததை எடுக்கும் நீள இடுக்கி எனக்கு மூன்றாவது கை. ஒருநாளைக்குப் பத்துத் தடவையாவது எதையாவது கீழே போடுவேன் என்பது அதை வாங்கிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. வாக்கரில் மாட்டிய துணிப்பைக்குள் போன், மருந்து, மூடி போட்ட தண்ணீர் பாட்டில். இரண்டு கையும் வாக்கரில் இருக்கும்போது வேறு எதில் தூக்குவது? கட்டிலில் காலைத் தூக்கி வைக்க, முனையில் வளையம் போட்டுத் தைத்த ஒரு துணிப் பட்டை போதும். ஐஸ் பேக் இரண்டு வைத்துக்கொண்டால் ஒன்று உறையும்போது இன்னொன்று காலில் இருக்கும். நடுவில் மெல்லிய துணி போட்டு இருபது நிமிடம், அதற்கு மேல் வேண்டாம்.

சாக்ஸ் மாட்டும் கருவியை இரண்டு தடவை போட்டுப் பார்த்துவிட்டுத் தூக்கிப் போட்டேன், அதோடு மல்லுக்கட்டுவதற்குச் செருப்பே மேல். முழங்காலுக்கு அடியில் வைக்க என்று ஆசையாக ஒரு தலையணை வாங்கினேன், பிசியோ வந்த அன்றே அதை உருவிவிட்டார். அப்படி வைத்தால் சுகமாகத்தான் இருக்கும், ஆனால் மூட்டு மடங்கினபடியே இறுகிவிடுமாம். குதிகாலுக்கு அடியில் வைத்து முழங்காலைத் தொங்கவிட்டால்தான் கால் நீளும். அது சுகம் இல்லை.

ஆறாவது வாரம் கைத்தடிக்கு மாறினேன். வலிக்கிற பக்கத்துக் கையில்தான் பிடிக்க வேண்டும் என்று நானாக நினைத்து இரண்டு நாள் நடந்தேன். எதிர்ப்பக்கத்துக் கையில் மாற்றியதும் நடை நிமிர்ந்தது.

இப்போது நின்றுகொண்டே குளிக்கிறேன். குளியல் நாற்காலியை எடுத்து உள்ளே வைக்கலாம் என்றால் கணவர் விடுவதில்லை, தினமும் அவர்தான் அதில் சாய்ந்து உட்கார்ந்து குளிக்கிறார். கழற்றிய கதவு கட்டிலுக்குப் பின்னால் சுவரோடு நிற்கிறது. அடுத்து வலது முழங்காலுக்கும் தேதி குறிக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருப்பதால் அதை இன்னும் மாட்டவில்லை.